பூநாரை போன பின்

பழவேற்காட்டிற்குப் போகிறவர்கள் மார்கழியிலும் தையிலும் போக வேண்டும் என்பது எங்கள் பொன்னேரிப் பக்கத்தில் எழுதாச் சட்டம். அப்பொழுதுதான் ஏரியில் நீர் நிறைந்திருக்கும்; பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியிருக்கும்; சென்னையிலிருந்து தொலைநோக்கிகளோடு வருகிறவர்களுக்கு மீன் வறுத்துக் கொடுக்கும் கடைகள் கரையில் முளைத்திருக்கும். நாம் போனதோ ஆடி மாதத்தில், அதுவும் மிதிவண்டியில்.

“ஆடியில அங்க என்ன சாமி இருக்கு? காத்தும் சேறுந்தான்” என்று சொல்லிச் சிரித்தார் எங்கள் கோவில்பிள்ளை. அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் அன்று நமக்கு வேண்டியது கூட்டமில்லாத ஒரு நாள்.

மிதிவண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நமக்கு முன் இப்பங்கில் பணியாற்றிய குருவானவர் விட்டுச் சென்ற பழைய வண்டி அது. சக்ரீஸ்தியின் பின்னறையில் கிறிஸ்து பிறப்புக் குடிலின் மூங்கில்களுக்கும் கிழிந்த ஷாமியானாவிற்கும் இடையே பல்லாண்டு தவம் கிடந்தது. சர்க்கரை நோய்க்கு மருந்து தரும் மருத்துவர் ஐம்பத்தைந்தைத் தாண்டிய நம் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காலை மிதியுங்கள்” என்று கூறிய அன்று அதன் நினைவு வந்தது. புதிய டியூப், புதிய பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய். மூன்று நாளில் அது உயிர்த்தெழுந்தது. குருமட விடுமுறைகளில் ஊர் ஊராக மிதித்த கால்கள் தம் பழக்கத்தை மறக்கவில்லை, மூச்சுத்தான் மறந்திருந்தது.

உடல்நலத்திற்காகப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொன்னோம். வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பின்னால் சொல்லுவோம்; வழி நெடுக நாமும் அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேதான் போனோம்.

காலைத் திருப்பலி முடிந்து ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஆரணியாறு அப்பொழுது மணலும் கோரையுமாகக் கிடந்தது. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தங்கி, ஊத்துக்கோட்டையைக் கடந்து, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போய்ப் பழவேற்காடு ஏரியில் கலக்கும் ஆறு அது. ஐப்பசி கார்த்திகையில் கரைபுரண்டு ஊரை அச்சுறுத்தும் ஆறு இதுதானா என்று ஆடியில் பார்க்கிறவர்கள் ஐயுறுவார்கள். ஆற்று மணலில் இரண்டு எருமைகள் படுத்திருந்தன.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது. வயல்களில் சொர்ணவாரி அறுவடை. தஞ்சைத் தரணியார் குறுவை என்று சொல்லும் காலத்தை ஒட்டி எங்கள் செங்கற்பட்டுச் சீமையில் கிணற்று நீரை நம்பிப் பயிராகும் போகம் இது. அறுத்த நெல்லைக் காயவைக்கக் களம் போதாதென்று தார்ச்சாலையின் பாதியை மக்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் வண்டிக்காரன் அதைக் கண்டு எரிச்சலடைவான். நாமும் அவ்வாறு எரிச்சலடைந்தவர்களே. மிதிவண்டியில் போகும்போது அந்நெல்லின் மணம் முழங்கால் உயரத்திலிருந்து எழுந்து வருகிறது. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மையார் நம் வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு, நாம் வழிவிடுமுன் தாம் வழிவிட்டார்.

மெதூரில் ஒரு தேநீர். சர்க்கரை போடாமல். திருப்பாலைவனத்தில் இறங்கிச் சிறிது நின்றோம். அங்குள்ள சிவன் கோவிலின் கருவறை, படுத்த யானையின் பின்புறத்தைப் போல் வளைந்து அமைந்தது. தூங்கானை மாடம் என்று தமிழர் அதற்கு இட்ட பெயரின் அழகை நாம் குருமடத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியரிடம் முதன்முதல் கேட்டோம். தொண்டை நாட்டில் இத்தகைய அமைப்புடைய பழங்கோவில்கள் பல உண்டு. இருபது நிமிடம் நின்று பார்த்தோம். அத்தனை நேரம் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆண்டார்மடத்தை நெருங்குகையில் நிலம் மாறுகிறது. வயல் குறைந்து பனையும் சீமைக்கருவேலமும் மிகுகின்றன. மண் வெளிறிச் சாம்பலாகிறது. காற்றில் உப்பும் சேறும் கலந்த நெடி வருகிறது. பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மரங்களுக்கு அப்பால் வானம் தாழ்ந்து தரையில் படுத்துக்கிடக்கிறது. அதுதான் ஏரி.

ஏரி என்று வழக்கில் சொல்கிறோமேயன்றி அது உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சில்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுவே. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு, பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழகத்திலுமாகக் கிடக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட தீவு. இத்தனை பரப்புக்கு ஆழம் மிகச் சொற்பம்; பல இடங்களில் ஒரு மனிதன் இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் வந்து கலக்கையில் நீர் ஏறக்குறைய நன்னீராகிறது. கோடையில் வற்றி வற்றிக் கடலைக் காட்டிலும் உவர்க்கிறது. இறாலும் மடவையும் நண்டும் இந்த இரு நிலைகளுக்கும் ஏற்பத் தம் வாழ்வை வகுத்துக்கொண்டிருக்கின்றன. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் கடல்நீர் உள்ளே வர வழியின்றி, இறால் குஞ்சும் வர வழியின்றிக் கரையோர அடுப்புகள் தணிகின்றன. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாளைய கோரிக்கை.

ஆடியில் அந்த நீர் பின்வாங்கியிருந்தது. விளிம்பெங்கும் வெடித்த சேறு. அதன்மேல் வெள்ளைப் பொடியாய் உப்பு. பூநாரைகள் இல்லை. குளிர்காலத்தில் அவை தலையைக் கவிழ்த்து, அலகை மேல் கீழாகத் திருப்பி, சேற்று நீரை வடிகட்டி உண்பதைக் கண்டவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். அவற்றின் சிவப்பு பிறவியில் வந்ததன்று. உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறமே சிறகில் ஏறுகிறது என்பர். கோடை முற்றுமுன் பெரும்பாலானவை போய்விடும். கட்ச் பாலைநிலத்தின் உப்புச் சேற்றில் அவை மண்மேடு கட்டி முட்டையிடும். தமிழகப் பகுதியை 1980-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அறிவிப்புப் பலகையில் பூநாரை இருக்கிறது. அதன் கீழே ஓர் ஆட்டுக்குட்டி நிழலுக்கு ஒதுங்கியிருந்தது.

பூநாரை போன பின் ஏரியில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். நின்று பார்த்தால் ஆலாக்கள் நீரைக் கிழித்துப் பாய்கின்றன. நீர்க்காகம் கம்பத்தின்மேல் சிறகை விரித்துக் காயவைக்கிறது. ஆட்காட்டி நம்மைக் கண்டு ஊரைக் கூட்டுகிறது. தொலைவில் பெண்கள் நால்வர் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கையையும் நீருக்குள் விட்டு அவர்கள் தேடுகிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. எதிர்ப்பட்ட இறாலின் முள் விரலில் ஏறினால் அதுதான் கூலியின் முதல் அடையாளம். நாம் கைகாட்டினோம். வாயில் பறி இருந்தமையால் ஒருத்தி தலையை மட்டும் அசைத்தாள்.

பழவேற்காட்டு ஊருக்குள் நுழைகையில் மணி ஒன்பதரை. நாம் நேரே போக வேண்டிய இடம் ஏரிக்கரைக் குப்பம் ஒன்று. ஆனால் வண்டி நேரே போகவில்லை. மகிமை மாதா கோவிலுக்குப் போனோம். போர்ச்சுக்கீசியர் காலத்தில் 1515-இல் தொடங்கிய வழிபாட்டிடம்; சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தின் மிகப் பழைய கோவில்களுள் ஒன்று. அங்கே முழந்தாளிட்டது சரிதான். பிறகு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்திற்குப் போனோமே, அதற்கு என்ன காரணம் சொல்வது?

அதன் வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே பெரிய கற்பலகைகள். அவற்றில் கப்பலும் கேடயமும் பூவேலையும் எழுத்தும். 1613-இல் அவர்கள் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வாணிகம் முழுவதற்கும் இதையே தலைமையிடமாக்கினார்கள். இப்பகுதி நெசவாளர் நெய்த கட்டம் போட்ட துணியைக் கொண்டு போய்க் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, சாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். பழையகாட் கைலி என்று இன்றும் நாம் சொல்லும் பெயர் இவ்வூரின் பெயரே. வெடிமருந்தும் இங்கே செய்தார்கள். பஞ்ச காலங்களில் பசியால் விலைபோன மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றியும் அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர் மண்டிய மேடு.

ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போன நாம், பாஷை தெரியாத எழுத்தை மூன்றாம் முறையாகப் படிக்க முயன்றபோதுதான் நம்மையே பிடித்துக்கொண்டோம். நாம் சரித்திர ஆராய்ச்சி செய்யவில்லை. நேரம் கடத்திக்கொண்டிருந்தோம்.

நேயர்களே, இனிச் சொல்லிவிடுவோம். ஈராண்டுக்கு முன் இக்குப்பத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகன் பொன்னேரியில் அறை எடுத்துத் தங்கி ஃபிட்டர் தொழில் பயின்றான். ஞாயிறு தவறாமல் நம் கோவிலுக்கு வருவான். பெருவிழாவிற்கு மின்விளக்குக் கட்ட ஏணியில் முதலில் ஏறுகிறவன் அவன். பயிற்சி முடித்து வேலைக்கு அலைந்தபோது நம்மிடம் வந்து நின்றான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவரை நமக்குத் தெரியும். நல்லவன், உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லாதவன் என்று பங்கின் முத்திரையோடு கடிதம் எழுதிக் கொடுத்தோம். அவன் தகப்பனார் தயங்கினார். “கடலும் ஏரியும் எப்ப கவுக்கும்னு தெரியும் சாமி. மிஷினு எனக்குத் தெரியாது” என்றார். காலத்திற்கேற்ப மாற வேண்டும் என்று அவருக்கு ஒரு சிறு பிரசங்கம் செய்தவர் நாமே.

சென்ற கார்த்திகையில், இரவு ஷிப்டில், பிரஸ் இயந்திரத்தில் அவன் வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. செய்தி வந்த அன்று மருத்துவமனையில் போய்ப் பார்த்தோம். அவன் மயக்கத்தில் இருந்தான். அதன்பின் எட்டு மாதம் போகவில்லை. திருவருகைக் காலம், பொங்கல், தவக்காலம், முதல் நற்கருணை வகுப்பு, கோவில் கூரைப் பழுது. ஒவ்வொன்றும் உண்மையான வேலைதான். எல்லாம் முடிந்து, திருமணமும் திருவிழாவும் இல்லாத இந்த ஆடியில் சாக்கு எதுவும் மிச்சமில்லை. மோட்டார் சைக்கிளில் போனால் பத்து நிமிடம் பேசிவிட்டு, வேறு இடத்திற்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிடுவோம், அதையும் அறிவோம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து கரைக்குப் போனோம். படகுகள் ஓய்ந்து சாய்ந்திருந்தன. 2011 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழாவன்று இந்த ஏரியில் சுற்றிப் பார்க்கச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் வீட்டுக்கு வழி கேட்டோம். “கைபோன பையன் வீடா?” என்றார். ஊரில் ஒருவனுக்குப் பெயர் மாறிவிட எட்டு மாதம் போதும்.

வண்டியைச் சாய்த்து நிறுத்துமுன் தாயார் வெளியே வந்துவிட்டார். “ஸ்தோத்திரம் சாமி” என்றார். கண்ணில் கோபம் இல்லை; அதைத் தேடிக்கொண்டு போன நமக்கு அது பெரும் சங்கடமாயிற்று. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார், ஆனால் வழக்கம்போல் கை கூப்பவில்லை.

“சைக்கிள்லயா வந்தீங்க?”

“ஆமாம் பெரியவரே. முன்பே வந்திருக்க வேண்டும்.”

“ஆமா” என்றார். அவ்வளவுதான்.

முப்பதாண்டு பிரசங்கம் செய்த வாய்க்கு அந்த ஒரு சொல்லுக்குப் பின் ஒன்றும் பேச வரவில்லை. நம் கடிதம் தவறாய்ப் போயிற்று, நாம் வராமல் இருந்தது அதைவிடத் தவறு என்று எப்படியோ சொல்லி முடித்தோம். அவர் பதில் சொல்லவில்லை. நீர் கொண்டு வரச் சொன்னார்.

மகன் வீட்டின் பின்புறத்திலிருந்து வந்தான். இடக்கையில் வலை பின்னும் ஊசி இருந்தது. “இடது கையால கத்துக்கிட்டேன் சாமி. மொதல்ல முடிச்சு நிக்கல. இப்ப நிக்குது” என்று சொல்லி, பின்னிய வலையைக் கொண்டுவந்து காட்டினான். கண்கள் ஒரே அளவாய் இருந்தன.

பெரியவர் மெல்லப் பேசத் தொடங்கியது ஏரியைப் பற்றித்தான். இங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடம் வலியவனுக்கே போய்விடாதபடி, இன்னின்ன நாளில் இன்னின்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். சர்க்காரும் சட்டமும் வருமுன்னரே மீனவர் தாமே வகுத்துக்கொண்ட நீதி அது. மணமாகித் தலைக்கட்டு ஆன ஆண்மகனுக்கே அதில் பங்கு. பையனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் விபத்துக்குப் பின் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகவே அவன் பெயரும் சீட்டில் ஏறவில்லை. “எனக்கப்புறம் இந்த வூட்டுக்குப் பாடு இல்ல சாமி” என்றார். ஆலையிலும் இடமில்லை, ஏரியிலும் இடமில்லை. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்ல ஆள் வருகிறதாம். 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 புறப்பட்டதை இதே திண்ணையில் நின்று மகனும் அவரும் பார்த்தார்களாம். அந்த ஆண்டுதான் அவன் ஃபிட்டர் படிப்பில் சேர்ந்தான்.

நஷ்டஈடு கேட்டீர்களா என்று வினவினோம். ஒப்பந்தக்காரர் மருத்துவச் செலவைக் கட்டி, கையில் சிறு தொகை கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பிறகு கேட்டதற்கு, “உன் பேரே ரிஜிஸ்தரில் இல்லையே” என்றாராம். அடையாள அட்டை கொடுக்கப்படவில்லை. சம்பளம் ரொக்கமாகவே வந்தது.

இவ்விஷயத்தில் நேயர்களுக்குப் பயன்படக்கூடியதைச் சொல்லிவிடுகிறோம். வேலையில் ஊனமுற்றவருக்கு ஈடு தர வேண்டும் என்பது நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போயிற்று என்று அதன் அட்டவணை கணக்கிட்டது. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவன் என்று சொல்லி ஆலை முதலாளி கைகழுவிவிட முடியாது. தாளில் வாங்கிய கையெழுத்தால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் இரண்டாண்டிற்குள் கேட்க வேண்டும்; அங்கே வேலை செய்தான் என்பதற்கு ஏதேனும் ஆதாரம் வேண்டும். இதைப் பையன் நம்மினும் நன்றாக அறிந்திருந்தான். தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு இருமுறை போய் வந்திருக்கிறான், தனியாக.

“சாமி, கோவப்படாதீங்க. ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதுன கடுதாசிக்கு நகல் இருக்கா?”

நாம் விழித்தோம்.

“அவுங்க உங்களுக்குப் பதில் போட்டாங்களாமே. அலுவலகத்துல சொல்லிக்கிட்டாங்க. அது இருந்தா…”

அப்பொழுதுதான் நினைவு வந்தது. பதில் வந்தது. எட்டு மாதமாக எந்தக் கடிதத்தை நினைக்காதிருக்க முயன்றோமோ, அதன் நகல் நம் அலுவலகக் கோப்பில்தான் இருக்க வேண்டும். எதற்கும் நகல் வை என்பது குருமடத்தில் நமக்குப் புகட்டிய பாடங்களுள் ஒன்று. “இருக்கும், தம்பி. இன்றிரவே பார்க்கிறேன்” என்றோம். அவன் நாம் வருவானேன் என்று பல நாள் காத்திருந்திருக்கிறான். குறை சொல்ல அல்ல, இதைக் கேட்க. “பொன்னேரிக்கு வந்து கேட்டிருக்கலாமே, தம்பி” என்றோம்.

“நீங்க சங்கடப்படுவீங்கன்னு அப்பாதான் வேணாம்னாரு.”

பெரியவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு உண்டோம், இறால் குழம்பும் மடவை வறுவலும். மருத்துவர் விதித்த அளவை அன்று பின்பற்றவில்லை. புறப்படும்போது வண்டியின் செயின் கழன்றிருந்தது. பையன் உட்கார்ந்து, வலக்கையில் மிச்சமிருந்த விரல்களால் செயினைத் தூக்கி, இடக்கையால் பெடலைச் சுற்றி ஒரே திருப்பில் மாட்டினான். “செயின் தளர்ந்திருக்கு சாமி. ஒரு கண்ணி எடுத்துடணும்” என்றான். கைகளை மண்ணில் தேய்த்துக் கழுவினான். தாயார் ஓலைப் பெட்டி ஒன்றில் கருவாடு கட்டிக் கேரியரில் வைத்தார். பெரியவர் தெருமுனை வரை வந்தார். வரும்போது கூப்பாத கையைப் போகும்போதும் கூப்பவில்லை. ஆனால், “ஆண்டார்மடத்துக்கிட்ட ரோடு மேடும் பள்ளமுமா இருக்கும், பாத்துப் போங்க” என்றார்.

பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டது. காலையில் மேற்கிலிருந்து தள்ளிய காற்று மாலையில் கிழக்கிலிருந்து தள்ளியது. மழைக்காலத்தில் வந்திருந்தால் ஒரு வழியேனும் எதிர்காற்றில் மூச்சு முட்டியிருக்கும். எங்கும் நிற்கவில்லை. திருப்பாலைவனத்துக் கோவிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையில் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் விரித்து மூடினார்கள். காலையில் பார்த்த அதே அம்மையார், “இப்பத்தான் வரீங்களா?” என்றார்.

இரவு செபம் முடிந்து அலுவலகத்தைத் திறந்தோம். ஈராண்டுக்கு முந்திய கோப்பில், திருமண அறிவிப்புத் தாள்களுக்கும் கல்லறைக்குழு ரசீதுகளுக்கும் நடுவே நம் கடிதத்தின் நகல் இருந்தது. அதன் பின்னே குத்தூசியால் இணைத்தபடி ஒப்பந்தக்காரரின் பதில்: அச்சிட்ட கடிதத்தாள், தேதி, முத்திரை. தாங்கள் அனுப்பிய பையனை இன்ன ஆலையில் பிரஸ் பிரிவில் சேர்த்துக்கொண்டோம், இதுபோல் நல்ல பிள்ளைகள் இன்னும் இருவர் இருந்தால் அனுப்பவும் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

காலையில் மூன்று பிரதிகள் எடுத்தோம். ஒன்று வழக்கறிஞருக்கு, ஒன்று கோப்பிற்கு. மூன்றாவதைப் பெரியவரிடம் நாமே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அதற்குமுன் செயினில் ஒரு கண்ணி எடுக்க வேண்டியிருந்தது. வண்டியை மீண்டும் பழுதுபார்க்கும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.